மேஸ்திரியிடம் நான் சொன்ன சொல்

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீசிலிருந்து வந்து சைக்கிளை விட்டு இறங்கியபோது, என் மனைவி சிரிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஸ்டாண்டைப் போடாமல் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். அவள் புன்னகைத்துப் பார்த்திருக்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு வாங்க, இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. உள்ளே போனேன். உள்ளறைச் சுவரின் முன்னால் அவள் நின்றிருந்தாள். ஏணியின் கீழ்ப்படியில் பெயிண்டர் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "இன்னா சிரிப்பு?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. சொவுத்துக்கு வாழக்குருத்து மாதிரி கலரு வேணும்னு சொன்னேன். குருத்துன்னா விரியறதுக்கு முன்னயா, விரிஞ்சப்பறமான்னு கேக்கறாரு மேஸ்திரி" என்றாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சாப்பாடு போடச் சொன்னேன்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துப் பக்கம் அப்பா விட்டுப்போன வீடு. வாசல் அறை, கூடம், உள்ளறை, சமையல்கட்டு. நான் ஓர் அரசு ஆபீசில் குமாஸ்தா. ஆறு வருஷம் காத்திருந்து அவள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, அதையும் எங்கள் வீட்டிலேயே வைப்பது என்று முடிவாகியிருந்தது. அப்பா இருந்தபோது அடித்த சுண்ணாம்பு கையை வைத்தால் உதிர்ந்தது. அவள் பிறந்த வீட்டார் அத்தனை பேரும் வருவார்கள். இந்தச் சுவர்களோடு அவர்களை வரவேற்க முடியாது. விசாரித்ததில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். ஐயம்பேட்டைக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. சுண்ணாம்பு தின்று வெடித்த விரல்கள். எப்போதோ சுண்ணாம்பு தெறித்ததில் இடது கண் மங்கியிருந்தது. வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும். இதையெல்லாம் சொல்வது, பொறாமைப்படும்படி அவரிடம் வெளியே தெரிகிற எதுவும் இல்லை என்பதற்காக.

என் மனைவியின் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தவர். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் கொப்பரைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள். நான் பச்சை என்று ஒரே வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிடுவதில் அவளுக்கு ஏழெட்டு இருந்தன. கல்யாணமான புதிதில் புடவை எடுக்கப் போனபோது, "இதுல கொஞ்சம் மஞ்ச ஏறிக்கினு இருக்குது பாருங்க" என்று காட்டுவாள். "எல்லாம் பச்சதான், எடு" என்பேன். ஒன்றிரண்டு முறைக்குப் பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை நான் கவனிக்கக்கூட இல்லை. தன் டிரங்குப் பெட்டியிலிருந்து சாயம் பார்க்கும் துண்டு நூல் கற்றை ஒன்றை எடுத்து மேஸ்திரிக்கு எதிரில் சுவரில் பிடித்துக் காட்டியபோதுதான், ஆறு வருஷமாக அப்படி ஒன்று என் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரியின் வேலை நகரவே இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பத்து நாள் ஊறவைத்தால்தான் ஆயிற்று என்றார். முதலில் உள்ளறையில் பழைய சுண்ணாம்பை ஓர் அங்குலம் விடாமல் சுரண்டினார். அந்தச் சுவரில் நான்கு இடங்களில் சதுரம் சதுரமாகப் பூசி, காயவிட்டு, காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஆபீசில் என்னோடு வேலை செய்தவர்கள் மூன்று நாளில் தங்கள் வீடு முழுக்க ஆள் வைத்து அடித்து முடித்திருந்தார்கள். நாள் நெருங்குகிறதே என்று நான் குறைப்பட்டுக்கொண்டால் மனைவி, "அவசரப்படுத்தினா பூச்சு நிக்காதுன்னு மேஸ்திரி சொன்னாரு" என்பாள். மேஸ்திரி சொன்னாரு, மேஸ்திரி சொன்னாரு. சாதம் பிசையும்போது அதைக் கேட்டால் கை நின்றுவிடும். அவருக்குக் காபி தருகிற டம்ளர் எது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆபீசில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தேன். தப்பாக எதுவும் நடக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தன் அம்மாவோடு போனாள். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மேஸ்திரியின் ஏணி, வாளி, சுண்ணாம்பு அடிக்கும் மட்டை எல்லாவற்றையும் தெருக்கோடி விளக்குக் கம்பத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வருகிற நேரத்துக்கு அங்கேயே நின்றேன். சைக்கிளை விட்டு இறங்கியவர் தம் சாமான்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேல இனிமே வேணாம்" என்றேன்.

"இன்னா சார் ஆச்சி? கலரு புடிக்கலியா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நாள் தள்ளிப்போகிறது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் பல நாளாக உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "பொம்பள தனியா இருக்கற வூட்ல வந்து சிரிச்சிப் பேசிக்கினு இருக்கறது நல்லா இல்ல. தெருவுல நாலு பேரு பேசறாங்க."

தெருவில் ஒருவரும் பேசவில்லை.

அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. வாளிகளைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறனே சார்" என்றார். தேவையில்லை என்றேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

மனைவி திரும்பி வந்து கேட்டதும், தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்: "பெரிய வேல கெடச்சிடுச்சாம். பாதியில வுட்டுட்டுப் போயிட்டாரு." அவள் உள்ளறை வாசலில் நின்று சுரண்டிய சுவரைப் பார்த்தாள். "சொல்லாம போற ஆளு இல்லியே அவுரு" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து நான் பிடித்த காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வந்தார். ஒரு சுவரையும் தொட்டுப் பார்க்காமல், "ரெண்டே நாளு சார்" என்றார். நான்கு ஆட்கள் வந்து கூடத்தையும் அறைகளையும் மேலும் கீழுமாக அடித்துத் தள்ளினார்கள். கூடத்தில் சுரண்டாமல் விட்டிருந்த பழைய சுண்ணாம்பு மேலேயே பூசினார்கள். சாமி படங்களில் தெறித்ததைத் துடைக்கவும் இல்லை. நிறம் பச்சை, எனக்கே கண்ணைக் கூசியது. ரெண்டே நாளில் முடிந்தது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

வளைகாப்பன்று கூடம் நிறைந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் வளைகாப்புக்கு வரும் பெண்கள் எப்படி வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் இருந்த பட்டெல்லாம் அன்று எங்கள் கூடத்தில் இருந்தது. இடம் போதாமல் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி, முதல் வரிசை எழுந்தபோதுதான் யாரோ "ஐயையோ" என்றார்கள். பசை போதாத சுண்ணாம்பு. ஒவ்வொருத்தி முதுகிலும் பச்சை. என் மாமியாரின் அரக்குப் புடவையில் தோளிலிருந்து இடுப்புவரை. துடைக்கத் துடைக்கப் பரவியது. நடுவில் மனையில் இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த என் மனைவி தலை நிமிரவே இல்லை. காண்ட்ராக்டரைத் தேடி மறுநாள் அவர் கடைக்குப் போனேன்; பூட்டியிருந்தது. அப்புறம் போனபோதும் பூட்டியிருந்தது.

வளைகாப்பன்றே மாமனார் சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்துப் பார்த்தார். சாயத்திலேயே வாழ்ந்தவருக்கு அது போதும். "யாரு மாப்ள அடிச்சது?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "ஐயம்பேட்ட மேஸ்திரிதான்பா மொதல்ல வந்தாரு. பாதியில வுட்டுட்டுப் போயிட்டாரு." மாமனாருக்கு அவரைத் தெரியும். அந்த வாரத்திலேயே ஆள் விட்டு வரவழைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது மேஸ்திரி எங்கள் கூடத்தில் நின்றிருந்தார், மாமனார் நாற்காலியில், மனைவி சமையல்கட்டு வாசலில்.

"பெரிய வேல கெடச்சதுன்னு புள்ளத்தாச்சி வூட்ட சொரண்டிப் போட்டுட்டுப் போனியாமே. உன்ன மனுசன்னு நெனச்சிக்கினு இருந்தனேய்யா!" என்றார் மாமனார்.

மேஸ்திரி என் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதாங்க ஐயா. வேற வேல வந்துச்சி, போயிட்டேன். நானே வந்து எல்லாத்தையும் சொரண்டி அடிச்சித் தரேன்" என்றார்.

அப்போது எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது பொறாமை. என்னைவிடப் பெரிய மனுஷனாக என் வீட்டுக் கூடத்திலேயே நின்றாரே என்கிற பொறாமை.

மறுநாளே வந்தார். அவள் ஒன்பதாம் மாதம்தான் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்ததால் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அவர் இருக்கும் பக்கம் வரவில்லை. காபியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நூல் கற்றை பெட்டிக்குள் போய்விட்டது. மத்தியானம் நான் வந்து சைக்கிளை நிறுத்தும்போது, மட்டை சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் இருக்கும். நான் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள் அன்று மேஸ்திரி என்னிடம் வந்து, "அம்மாவ ஒருவாட்டி வந்து பாக்கச் சொல்லுங்க சார், சரியா வந்துக்கீதான்னு" என்றார். சமையல்கட்டில் போய்ச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல், "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. அந்தாளு மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றாள். அந்தாளு என்று அவள் சொன்னது என்னை அறைந்தது. அது எனக்குச் சேர வேண்டிய சொல். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். விளக்குக் கம்பத்தடியில் நான் சொன்னதை, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

அவள் கை முறத்தில் அப்படியே நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். "என்னையும் சேத்துத்தான சொல்லிக்கீறீங்க" என்றாள் மெதுவாக. அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனாள். "அண்ணே, கைகால் கழுவிட்டு வாங்க. சாப்ட்டுதான் போவணும்" என்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. கூடத்தின் நடுவில் இலையைப் போட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க பரிமாறுங்க" என்றாள்.

அதற்கு முன்னால் நான் யாருக்கும் பரிமாறியதில்லை. சாதத்தை எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் குவித்துவிட்டேன். குழம்பு இலையைத் தாண்டி ஓடியது. "சாருக்கும் ஒரு எல போடும்மா" என்றார் மேஸ்திரி. "அவுரு அப்பறம் சாப்புடுவாரு" என்றாள் அவள்.

பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மேஸ்திரி காலமாகும்வரை எங்கள் சுவர்களை வேறு யாரும் தொடவில்லை. இப்போது கம்பெனி ஆட்கள் வண்ண அட்டைப் புத்தகத்தோடு வருகிறார்கள். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறாள், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வயதிலும் ஏதோ குத்துகிறது. மேஸ்திரியிடம் நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்காகத்தான் குனிந்தேன், வாய் வரவில்லை. அவர் சாதத்தில் குழி பறித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரசம் கொஞ்சம் ஊத்துங்க சார்" என்றார். ஊற்றினேன்.