சிலந்தி வீட்டுக்குச் சாம்பிராணி காட்டினோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் இழுத்தடித்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதினால் பிழை வரும். ஆனால் தயங்கியது அதற்காக இல்லை. சாமி காரியம் என்று நினைத்துச் செய்த ஒன்றால் ஓர் உயிரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். எழுதினால் கும்பிடுகிறவர்கள் கோவிப்பார்கள், கும்பிடாதவர்கள் சிரிப்பார்கள் என்று பயம்.

எண்பதுகளின் கடைசி. சுவிஸில் லுசேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம். அவளுக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை, பாஷையும் தெரியாது. ஒற்றை அறை வீட்டில் நான் திரும்பும்வரை தனியே இருப்பாள். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, வீட்டிலை உயிருள்ளது ஏதாவது ஒண்டு வேணும். இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்."

வீட்டு ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடாது என்று எழுதியிருந்தது. குசினியில் என்னோடு நின்ற சுவிஸ்காரரிடம் எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், இதைச் சொல்லி முறைப்பட்டேன். அவர் தன் வீட்டில் டரன்டுலா வளர்ப்பவர். உள்ளங்கை அளவில், உடம்பெல்லாம் மயிர் மூடிய சிலந்திகள். "ஒன்று தருகிறேன். குரைக்காது, மணக்காது, வீட்டுக்காரனுக்குத் தெரியவும் வராது" என்றார்.

மனைவியிடம் பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கொண்டு வாங்கோ."

"சிலந்தியப்பா. மயிர் மயிரா இருக்கும்."

"அதுக்கென்ன? திருவானைக்காவிலை சிவனுக்கு வலையாலை பந்தல் போட்ட சாதி."

முதலில் வீட்டைக் கட்டு, பிறகு சிலந்தி என்றார் அந்தச் சுவிஸ் நண்பர். எறிய வைத்திருந்த பழைய மீன்தொட்டியையும் தந்தார். இது நிலத்தில் இருக்கிற வகை, உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும், அதனால் மண்ணை நிறையப் போட்டு மேலே இடத்தைக் குறை என்றார். உரம், பசளை கலக்காத மண் வாங்கி அரைவாசிக்கு மேல் நிரப்பினோம். ஒளிந்திருக்க இருட்டு வேண்டுமாம். மனைவி ஒரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீருக்கு ஜாம் போத்தல் மூடி. மேலே ஓட்டை போட்ட தகரம், அது அசையாமல் இரண்டு கல்.

சிலந்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கறுப்பு உடம்பு, முழங்கால்களில் மட்டும் செம்மஞ்சள். புது வீட்டுக்குப் போகிறவர் யாரானாலும் குடிபூரல் செய்யாமல் நாங்கள் விடுவதில்லை. அதை எடுத்துச் சொன்னது நான்தான், மனைவியில் பழி போடக்கூடாது. தொட்டியைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தேன். மண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மனைவி பால் காய்ச்சினாள். மேல்மாடியில் இருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவரும் வந்திருந்தார்.

"என்ன தம்பி, ஊரிலை விளக்குமாத்தாலை அடிக்கிற சாமானுக்கு இஞ்சை பால் காய்ச்சுறாய்? அடுத்த கிழமை கரப்பானுக்குக் காதுகுத்தோ?"

"உங்களுக்கும் சொல்லுவம் அண்ணை, வெறுங்கையோடை வராதேங்கோ" என்றாள் மனைவி. அவள் அப்படி வாய் காட்டியதை நான் அந்த நாட்டில் முதல்முறை கேட்டேன்.

சிலந்தியை உள்ளே விட்டோம். அது சிரட்டையைத் தொட்டுப் பார்த்து மெல்ல நுழைந்தது. நான் தகரத்தைத் தூக்கி, சாம்பிராணித் தட்டை உள்ளே இறக்கி, மூலை மூலையாகப் புகை காட்டிவிட்டு மூடினேன். மனம் நிறைந்திருந்தது.

அடுத்தநாள் விடிய மனைவியின் சத்தத்தில் எழும்பினேன். சிலந்தி சிரட்டையை விட்டு வெளியே வந்து கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. எட்டுக் காலும் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன. மனைவி அழவில்லை. தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். அன்று அவள் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியான வேலை முடிந்ததும் நண்பரைக் கையோடு கூட்டி வந்தேன். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"இங்கே என்ன எரித்தீர்கள்?"

சொன்னேன். மஞ்சளையும் சொன்னேன். பூச்சி வராமல் இருக்க நாங்களே படியில் தெளிக்கிற சாமான் அது என்பது என் வாயால் சொல்லும்போதுதான் உறைத்தது. அவர் ஏசவில்லை. இதற்கு மூச்சுத் துவாரம் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது, காற்றில் இருப்பதை அப்படியே இழுக்கும், இந்த மண்ணை முழுக்க எறி, வெறும் சுடுதண்ணீரால் தொட்டியைக் கழுவு என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். "தெரியாது. இனி இந்த அறையில் புகை கூடாது. அது மட்டும் தெரியும்."

எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு அறைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாமல் நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை.

"சாமியை என்னெண்டு புகை இல்லாமல் வைச்சிருக்கிறது?" என்றேன்.

"சாமிக்கு மூச்சு முட்டாது. இதுக்கு முட்டும்" என்றாள் மனைவி. சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு போய் பல்கனியில் வைத்தாள். நண்பர் சிலந்தியை வெளியே எடுக்க, நான் தொட்டியைக் கழுவினேன். இருவரும் புது மண் கொட்டினோம். சிலந்தியை ஒரு கடதாசி மட்டையில் ஏந்தி, வாய் தண்ணீர் மூடியின் விளிம்பில் படும்படி நண்பர் வைத்தார்.

ஞாயிறு அசைவில்லை. திங்கள் ஒரு கால் நீண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கையில் நீளவில்லை, அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனைவி மட்டும் நம்பினாள். செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வர, கதவடியிலேயே நின்றாள்.

"நடந்தது! சிரட்டைக்குள்ளை போயிட்டுது. செருப்பைக் கழட்டிப்போட்டு மெல்ல வாங்கோ, அதிரும்."

அடுத்த கிழமை வெள்ளியன்று அது ஒரு சில்லூறை, இரவில் கத்துகிற பூச்சியை, பிடித்துத் தின்றது. வெள்ளிக்கிழமை உயிர்க்கொலையா என்று நான் தலையைச் சொறிய, "விரதம் எங்களுக்கு" என்றாள். சில்லூறு வாங்கக் கடைக்குப் போய்ப் போய்த்தான் அவள் டொச் பேசத் தொடங்கினாள். நான் பல்கனியில் குளிரில் நின்று சாம்பிராணி காட்டப் பழகிக்கொண்டேன்.

சிலந்தி வளர்க்க நினைக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவரிடம் கொடுங்கள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். சாமி அற்புதம் செய்தார் என்று யாரும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர் அங்கே இருந்தார் என்பது என் நம்பிக்கை, ஆனால் மண்ணை மாற்றியது நாங்கள். எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்து மஞ்சளையும் புகையையும் விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தை வாசித்தால்தான் இன்னொரு வீட்டுச் சிலந்தி தப்பும்.