பிளாஸ்டிக் கையும் பொதுக் கிண்ணமும்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் சீச்சி. வைத்தது கணவன், பரப்பியது நாத்தனார். சோப்பில் ஒட்டிய முடியைப் பார்த்தால் சீ. பேருந்துக் கம்பியில் யாரோ பிடித்துவிட்டுப் போன ஈரம் கையில் பட்டால் சீ. சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தபடியே கணவன் நகத்தைக் கடித்துத் துப்புவானே, அதற்கு இரண்டு சீ. வார்த்தை வருவதற்கு முன்பே மூக்கு சுருங்கிவிடும், மேலுதடு ஏறிக்கொள்ளும். அந்த முகத்தைப் பார்த்துப் பழகாதவர்கள், தங்களைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று முறைப்பார்கள்.

இப்படிப்பட்டவள் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் பல வருடம் வேலை பார்த்தாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளைப் பிரித்துப் போடுவாள். உதறும்போது விழாத பொருள் இல்லை. காய்ந்த பிளாஸ்திரி, மென்று ஒட்டிவைத்த சூயிங்கம், யாரோ கட்டிலில் உட்கார்ந்து வெட்டிப் போட்ட கால் நகங்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அது நினைவுக்கு வரும், பாதியில் மூடிவிடுவாள். ஒரு நாள் நிர்வாகம் சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. வேலை போனதில் வருத்தம் இருந்தது. விரிப்புகளைவிட்டு வந்ததில் இல்லை.

அவள் விரல்கள் மட்டும் எப்போதும் பார்க்க அழகாக இருக்கும். நகங்களை வாதுமைப் பருப்பு வடிவத்தில் தேய்த்து, விளிம்பு பிசகாமல் வண்ணம் பூசிக்கொள்வாள். கூட வேலை பார்த்தவர்கள் இடைவேளையில் கையை நீட்டுவார்கள். நன்றாகக் கழுவிவிட்டு வந்தால் பூசிவிடுவாள். அதை நினைவில் வைத்துத்தான் நாத்தனார் பேச்சை எடுத்தாள். அவளும் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம்.

"அண்ணி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து நெயில் டெக்னீஷியன் படிக்கலாமா? ஜெல் பூச்சு, அக்ரிலிக் நகம் ஒட்டுறது எல்லாம் சொல்லித் தராங்க. எந்தக் கடைல பார்த்தாலும் ஆள் தேவைன்னு போர்டு தொங்குது."

இரண்டு வழி இருந்தது. ஒன்று, வீட்டிலிருந்தே தபாலில் பெட்டி வாங்கி, வீடியோ பார்த்துப் படிக்கும் தொலைவழிப் படிப்பு. இன்னொன்று, கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர்க் கடைக்கு மேல் மாடியில் நடந்த பயிற்சி வகுப்பு. முதலில் வகுப்பைப் போய்ப் பார்த்தார்கள்.

படியேறும்போதே அந்த வாடை அடித்தது. அக்ரிலிக் திரவத்தின் நெடி, அதற்கடியில் ஈரத் துண்டு மக்கிய வாசனை. உள்ளே நீள மேசையின் இரு பக்கமும் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி கையை இன்னொருத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை முழுக்க வெள்ளைப் பொடி. எல்லாம் நகம். அந்தப் பொடிக்கு நடுவிலேயே ஒருத்தி பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். தரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கிண்ணம். அதில் ஒரு கால் ஊறிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அம்மா, தன் நீளமான நகங்களால் சூயிங்கம் உறையைப் பிரித்தபடி, "அடுத்த ஆள் காலை வைங்க" என்றார். முதல் கால் வெளியே வந்தது, அடுத்த கால் உள்ளே போனது. தண்ணீர் மாறவில்லை. மேலே உரிந்த தோல் செதில் செதிலாக மிதந்தது.

சீச்சி படியிறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். செல்போன் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதன் வாயில் அவர் உதட்டு ஈரம் பட்டிருக்குமோ என்று அதையும் வாங்கவில்லை.

"செத்தாலும் நான் இங்க வரமாட்டேன்" என்றாள்.

"எனக்கு இதான் சரிப்படும் அண்ணி. வீட்ல தனியா உக்காந்து படிச்சா தூங்கிடுவேன்" என்றாள் நாத்தனார். அவள் மாடியில் சேர்ந்தாள். இவள் தொலைவழியில் சேர்ந்தாள்.

பெட்டி வந்தது. பிரித்ததும் அவளுக்கு மனசே நிறைந்துபோனது. நகம் தேய்க்க உறை பிரிக்காத ஃபைல்கள், வரிசையாகக் குப்பிகள், ஜெல்லை இறுக்கும் சின்ன விளக்கு, பழகிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் கை. கையைச் சமையலறை மேசை விளிம்பில் திருகி மாட்டினாள். அது வியர்க்கவில்லை, நாறவில்லை. வீடியோவில் வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு பெண், மெல்லிய இசைக்கு நடுவே, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் வேலை செய்தாள். வீடியோவில் வந்த கைகளும் வெண்ணெய்போல் இருந்தன. எந்த விரலிலும் வெடிப்பில்லை, எந்த நகத்திலும் அழுக்கில்லை.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் புகைப்படம் அனுப்ப வேண்டும். அனுப்பினாள். "அருமை. உங்கள் திறமை மெருகேறுகிறது" என்று பதில் வந்தது. உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த முறை பசை வழிந்து விரல் முழுக்க அப்பிக்கொண்டது. என்ன தப்பு என்று கேட்டு அனுப்பினாள். அதற்கும் அருமை, அதே மெருகு. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கணவனைக் கூப்பிட்டு, அவன் கடித்துக் குதறிய கட்டைவிரலைப் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தாள். ஓரத்தில் தோல் கிழிந்து, நகம் பாதிதான் மிச்சம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது.

"என்ன சொல்றாங்க?" என்றான் கணவன்.

"அருமையாம். மெருகேறுதாம்."

"பார்த்தியா, உனக்குத்தான் என் விரலோட அருமை தெரியல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தில் யாருமே பார்க்கவில்லை என்பது புரிந்தபோது, எச்சில் தட்டில் சாப்பிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. சேர்ந்துவிட்டோமே என்று கடைசிப் பாடம்வரை பார்த்தாள். பூ வேலைப்பாடு போட்ட சான்றிதழ் வந்தது. கணவன் அதைச் சுவரில் மாட்டினான்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு நகக் கடைக்கு வேலை கேட்டுப் போனாள். கடைக்காரம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்க ஒருத்தங்க காத்திருக்காங்க. பழைய ஜெல்லை எடுத்துட்டுப் புதுசு போடணும். செஞ்சு காட்டும்மா" என்றார்.

வாடிக்கையாளர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கையை எடுத்து மேசைமேல் வைத்தார். சீச்சிக்கு முதல் அதிர்ச்சி அந்தக் கையின் சூடு. பிளாஸ்டிக் கை ஒரு நாளும் சூடாக இருந்ததில்லை. இது ஈரமாக இருந்தது, லேசாக நடுங்கியது, தேய்க்கத் தேய்க்க நழுவியது. எப்படியோ ஒவ்வொரு விரலாக ஊறவைத்துப் பழைய ஜெல்லைச் சுரண்டினாள். மோதிர விரலில் ஜெல் ஏற்கெனவே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நெம்பியதும் முழுசாகக் கழன்று வந்தது. அடியில் நகம் பச்சையாக இருந்தது. குளத்துப் பாசிபோன்ற பச்சை. ஓரத்தில் கருத்து, தொட்டால் அமுங்கியது. ஒரு வாடை.

"சீ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். கையையும் உதறிவிட்டாள்.

டீச்சர் விரலை மடக்கி மடிக்குள் ஒளித்துக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதும்மா. மூடியே இருந்துச்சு" என்றார் மெதுவாக.

கடைக்காரம்மா ஓடிவந்து சீச்சியை எழுப்பிவிட்டு, வேறொருத்தியை உட்காரவைத்தார். அவள் அந்தப் பச்சையை ஃபைலால் மேலோட்டமாகத் தேய்த்தாள். அடர் சிவப்பை எடுத்து அதன்மேலேயே பூசி, விளக்குக்குள் நுழைத்தாள். "ஒண்ணுமில்ல மேடம், இப்ப பாருங்க, யாருக்கும் தெரியாது."

பச்சையைத் தேய்த்த ஃபைலைத் துடைக்கக்கூட இல்லை. அடுத்த ஆளின் கையை இழுத்துக்கொண்டாள்.

சீச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாசியைப் பார்த்தபோது வந்ததைவிட அந்தச் சிவப்பைப் பார்த்தபோதுதான் குமட்டல் அதிகமாக வந்தது. பச்சைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. அதைப் பற்றி எந்த வீடியோவிலும் ஒரு பேச்சு இல்லை. பாவம், அந்த டீச்சர் என்ன தப்பு செய்தார், அவர் மூஞ்சிக்கு நேராகச் சீ சொன்னோமே என்று வழியெல்லாம் மருகினாள். வீட்டுக்கு வந்ததும் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள்.

மறுவாரம் மாடி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். "செத்தாலும் வரமாட்டேன்னீங்களே அண்ணி."

"செத்துட்டேன்னு வெச்சுக்க. தள்ளி உக்காரு."

தன் ஃபைலைத் தானே கொண்டுவந்தாள், தன் துண்டையும். மற்றவர்கள் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். ஆனால் அங்கே கைகள் இருந்தன. நிஜக் கைகள். வியர்க்கும் கை, வெடித்த கை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை, நகம் வளைந்து உள்ளே போன கை. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும், விளக்குக்குள் ஜெல் சுடும்போது விரல் எப்படித் துள்ளும், எந்தத் தோலை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவள் விரலுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. தினமும் வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆனாலும் சாப்பாட்டில் அந்தப் பொடி பறப்பதாகவே தோன்றும்.

ஒரு மாலை நாத்தனார் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். தண்ணீர் குடிக்கும்போது வெளியே வந்தது. கட்டைவிரல் நகத்தைச் சுற்றி வீங்கி, பளபளவென்று சிவந்து, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. நகச்சுத்து. யாரோ வகுப்பில் பழகும்போது தோலை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், அதுவும் எல்லோருக்கும் வெட்டும் அதே கத்தியால்.

"எத்தனை நாளா இப்படி?"

"மேடம்கிட்ட காட்டினேன் அண்ணி. மேல பாலிஷ் போட்டா சரியாயிடும்னாங்க."

"போட்டியா?"

"போட்டேன்."

சீச்சிக்கு மூக்கு சுருங்கியது, உதடு ஏறியது. வார்த்தை தொண்டைவரை வந்தது. நாத்தனாரின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சூடு கொதித்தது. அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு நடந்தாள்.

நர்ஸம்மா கீறிச் சீழை எடுத்தார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சீச்சி திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பஞ்சு மஞ்சளாவதை முழுசாகப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பச்சை நகம் எதனால் வருகிறது? ஈரம் புகுந்து கிருமி வளர்வதால். பூசி மூடலாமா? கூடவே கூடாது, டாக்டரிடம் அனுப்பணும். கத்தியை எதில் போட்டு வைக்கணும்? நர்ஸம்மா கட்டுப் போட்டபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"நீங்க எங்க படிக்கிறீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"சொல்லவே அசிங்கமா இருக்குங்க" என்றாள் சீச்சி.

மறுநாள் வகுப்பில் அவள் உட்காரவில்லை. நேராகப் போய்த் தரையிலிருந்த கிண்ணத்தைத் தூக்கினாள். செதில் மிதக்கும் தண்ணீர் அவள் மணிக்கட்டில் தளும்பியது. உடம்பெல்லாம் கூசியது. எல்லோரும் பார்க்க அதைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் பயிற்சியாளர் அம்மா.

"என் நாத்தனாருக்கு விரல்ல கீறிச் சீழ் எடுத்திருக்கு. இங்க வெட்டினது. பாலிஷ் போடச் சொன்னீங்களாமே."

"எல்லாருக்கும் வர்றதுதான். இதெல்லாம் பெருசு பண்ணினா தொழில் பண்ண முடியுமா? பிடிக்கலன்னா வீட்ல உக்காந்து வீடியோ பாரு."

"அதையும் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். அங்க அழுக்கே கிடையாது, ஏன்னா ஆளே கிடையாது. இங்க ஆள் இருக்காங்க, அழுக்கும் இருக்கு. கத்தியைப் போட்டு எடுக்க ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வைக்கிறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

பன் தின்னும் பெண் தன் கையைப் பார்த்தாள், பிறகு பன்னைப் பார்த்தாள், பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்று கிண்ணத்தில் ஒருவரும் காலை விடவில்லை. பயிற்சியாளர் அம்மா முணுமுணுத்துக்கொண்டே கீழே ஆள் அனுப்பிக் கிருமிநாசினி வாங்கிவரச் சொன்னார். அது தீர்ந்த பிறகு மறுபடி வாங்கினாரா என்றால், இல்லை. வகுப்பு முடியும்வரை சீச்சியே சொந்தமாகக் கொண்டுவந்தாள்.

விரல் ஆறியதும் நாத்தனார் ஒரு கடையில் சேர்ந்தாள். தன் பொருள்களைத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறாள் என்று அங்கே அவளுக்கும் ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். சீச்சி இரண்டு கடைகளில் வேலை பார்த்தாள். இரண்டு இடத்திலும் துண்டு துவைக்கும் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா கூப்பிட்டு அனுப்பினார். மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளும் குனிய முடியாதவர்களும் கால் நகம் வெட்டிக்கொள்ள வழியில்லாமல் வருகிறார்கள், பொறுமையாக வெட்டிவிட ஓர் ஆள் வேண்டும், வர முடியுமா என்றார்.

ஜெல் இல்லை, பூ வேலைப்பாடு இல்லை. கட்டையாய்த் தடித்த, மஞ்சள் பூத்த, சுருண்டு தசைக்குள் இறங்கிய நகங்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாளும் போனாள். அருவருப்பு போகவில்லை. இன்றுவரை போகவில்லை. முகத்துக்கு வராமல் நிறுத்த மட்டும் கற்றுக்கொண்டாள், அதுவும் பாதி நாள்தான் நிற்கிறது. தொலைவில் படிப்பதா, வகுப்பில் படிப்பதா என்று யாராவது யோசனை கேட்டால், "ரெண்டும் குமட்டும். கை இருக்கிற இடமாப் பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறாள்.

சென்ற வாரம் ஒரு வயதான தச்சர் வந்தார். செருப்பைக் கழற்றியவர் காலுறையைக் கழற்றவில்லை. நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. ரொம்ப நாளா யாருக்கும் காட்டல. அசிங்கமா இருக்கும்."

அவளே காலுறையை உருவினாள். பெருவிரல் நகம் ஆட்டுக் கொம்புபோல் வளைந்து அடுத்த விரல்மேல் ஏறியிருந்தது. இடுக்கில் கறுப்பாக அழுக்கு. மூக்கு தானாகச் சுருங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமாங்க, அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். "காலை இப்படி நீட்டுங்க."

தச்சர் ஒரு கணம் விழித்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். கால் அவள் மடியில் கிடந்து ஆடியது.

"ஆடாதீங்க, வெட்டிடப் போறேன்" என்று அதட்டிவிட்டு, வெந்நீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.