நான் கழித்த கத்தரிக்காய்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். வாயும் அப்படித்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு இவ்வளவு ரோஷமா என்று லைன் வீட்டில் கேலி செய்வார்கள்.

என் மூன்று வயது மகளை ஒரு டீச்சர் நடத்திய காப்பகத்தில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவேன். மதியச் சாப்பாடும் அங்கேதான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருஷம், பணமில்லாததால் அடுத்த மாதத்தோடு சமையலை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டீச்சர் சொன்னார். சமையல் நின்றால் பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும்.

பொங்கலூர்ப் பக்கம் மருந்தடிக்காமல் விவசாயம் செய்த ஒரு குடும்பம் உதவ முன்வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோட்டத்தில், அங்கே விளைந்ததை வைத்தே விருந்து. டோக்கன் வாங்கி வருகிறவர்களுக்குப் போகும்போது ஆளுக்கொரு பை கத்தரிக்காய். வசூல் முழுக்கக் காப்பகத்து அடுப்புக்கு.

தாய்மார்கள் நாங்கள் காலையிலேயே ஒத்தாசைக்குப் போனோம். தோட்டத்து அக்கா எங்களைச் சுற்றிக் காட்டினார். கடைசிப் பாத்தியில் ஒவ்வொரு செடியிலும் சிவப்புப் பனியன் துண்டு கட்டியிருந்தது. "இது வெதைக்கு உட்டதுங்க. ஆரும் பறிச்சுராதீங்க," என்றார். அவர்கள் வீட்டு வரிக் கத்தரி அது. விதை கடையில் கிடைக்காதாம்.

பிறகு பறித்து வைத்திருந்த கூடைகளை என் முன் இறக்கி, "பையில போட்டு வெச்சிருங்க கண்ணு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

யாரும் கேட்காமலேயே நான் செக்கிங்கில் இறங்கினேன். கோணல், தழும்பு, வெளுத்த திட்டு எல்லாம் ரிஜெக்ட். பாதிக்கு மேல் குவிந்துவிட்டது. இதையெல்லாம் கொடுத்தால் டவுன்காரர்கள் காறித் துப்புவார்களே என்று அள்ளி மாட்டுக்குப் போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா திரும்பி வந்தார். "மிச்சக் காயி எங்கீங்க?"

"சொத்தையெல்லாம் கழிச்சு மாட்டுக்குப் போட்டுட்டேன்க்கா."

"ஐயோ சாமி! அதெல்லாம் நல்ல காயிங்க. மருந்தடிக்காத செடியில இப்படித்தான் கோணலும் மாணலுமாக் காய்க்கும். ஊட்ல நாங்களும் அதத்தான திங்கறம்."

மாட்டைப் பார்த்தேன். கடைசிக் காயின் காம்பு அதன் வாயோரம் ஆடிக்கொண்டிருந்தது. பைகளில் பாதிகூட நிறையவில்லை. டோக்கன்காரர்கள் வேனிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தவர் தப்புக்கு அம்புக்குறி போட்டே சம்பளம் வாங்குகிறவள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். என் பிள்ளையின் சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

"எம்பிள்ள அங்கதான்க்கா சாப்பிடுது," என்றேன்.

அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு கடைசிப் பாத்திக்குப் போனார். அங்கே காய்கள் விதைக்கு இன்னும் முற்றவில்லை; கறிக்கு ஆகும். ஒவ்வொன்றாக அறுத்து மடியில் போட்டார்.

"வேண்டாம்க்கா!" ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஒரு செடி உட்டாப் போதுங் கண்ணு. வந்தவங்க வெறுங்கையோட போனா, மறுக்கா ஆரு வருவாங்க?"

கடைசிச் செடியை மட்டும் விட்டார். பைகள் நிறைந்தன. காப்பகத்து அடுப்பும் அணையவில்லை; என் மகள் அங்கேயே சாப்பிட்டு வளர்ந்தாள். ஆனால் அன்றைக்கு அந்த அக்காவிடம் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை நான். இத்தனை பேச்சுப் பேசுகிற வாய்!

அடுத்த வருஷமும் விருந்து வைத்தார்கள். இந்தத் தடவை என்னைப் பாத்திரம் கழுவத்தான் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். அக்கா வரிக் கத்தரிக் கூடையைத் தூக்கி வந்து நேராக என் முன்னால் இறக்கினார்.

"பையில போட்டு வெச்சிருங்க கண்ணு. மாட்ட மட்டும் தூரமாக் கட்டிப்போட்டிருக்கறனுங்க."

சிரித்துக்கொண்டே அழுதேன். நன்றிக்கா என்று அன்றைக்குத்தான் சொன்னேன். பிறகு ஒரு காயைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் பையில் போட்டேன்.