இறக்குமதியாளர் நான்தானாம்

பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் மூளையைக் கழற்றி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இந்தியப் பொட்டலங்களை வாங்கிப் பழகிய கை. பச்சைப் புள்ளி இருந்தால் சைவம்; அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.

அந்த வருடம் என் கணவர் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தார். முந்தைய வருடம் நான் ஆப்பரேஷன் தியேட்டரில் கிடந்தபோது, நான் பிழைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது. வேலை முடிந்து பசியோடு வருகிறாரே என்று, வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து ஆன்லைனில் காளான் வறுவல் வாங்கினேன். கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. பொட்டலம் முழுக்கச் சீன எழுத்து. மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று நாள் சாப்பிட்டார். நான்காம் நாள் ஒரு பொட்டலத்தைப் பெட்டாலிங் ஜெயா ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைச் சீனத் தோழி பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இதில் இறால் பொடி இருக்கிறதே என்றாள். பச்சைப் புள்ளி கடற்பாசிச் சுவைக்கான அடையாளமாம்.

விற்றவருக்கு எழுதினேன். இங்கே கடையில் விற்பதென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ லேபிள் இருக்க வேண்டும், இறக்குமதி செய்தவர் முகவரியும் வேண்டும் என்றேன். பதில் வந்தது: நீங்களே வரவழைத்தீர்கள், ஆகவே இறக்குமதியாளர் நீங்கள்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. விளம்பரத்தை மலாயில் போடத் தெரிந்தவருக்கு இறால் என்ற ஒரு சொல்லைப் போடத் தெரியாதா? படிக்காமல் கொடுத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மீதியை என் தலையில் கட்ட விடமாட்டேன். அவருடைய விற்பனைப் பக்கத்தின் கீழேயே படத்தோடு எழுதினேன், இதில் இறால் இருக்கிறது என்று. நீக்கச் சொன்னார். நீக்கவில்லை.

இறால் விஷயத்தைக் கணவரிடம் போனில் சொல்லியிருந்தேன். வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள்.

"விரதம் முறிஞ்சிருச்சு அண்ணி. இந்த வருஷம் காவடி வேணாம் லா."

கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"முருகனுக்கு எல்லா எழுத்தும் தெரியும். எனக்குத் தெரியலைங்கிறதும் அவருக்குத் தெரியும்," என்றேன். "கோவம்னா என்கிட்ட கேக்கட்டும். உசிரு கொடுத்தவருகிட்ட நானே பேசிக்கிறேன்."

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கூட வருவியா?"

"முன்னால போறேன்."

ஆப்பரேஷனுக்குப் பிறகு நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். பத்துமலையில் அவருடைய காவடிக்கு முன்னால், ஒரு படிகூட விடாமல் ஏறினேன்.