என் பேரில் நேர்ந்துவிட்ட கிடாய்

சேலத்து மருத்துவமனை வராந்தாவில் செவிலியர் என் பெயரைக் கூப்பிட்டபோது, நான் போனில் ஆட்டின் உடல்நிலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கெடா கெணத்துல உழுந்துருச்சு" என்றார் கணவர். அன்று எனக்கு இரண்டாவது கீமோ (புற்றுநோயை அழிக்க ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து). துணைக்கு வர வேண்டியவர் கிணற்றடியில் நின்றார்; தங்கைதான் வந்தாள்.

மார்பில் கட்டி என்று தெரிந்த வாரமே மாமியார் எங்கள் குலசாமி கருப்பணாருக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாயை நேர்ந்துவிட்டார். நான் பிழைத்தால் அதை வெட்டுவது. அதுவரை அது உயிரோடு இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் நோயாளிகள் இரண்டு. முதல் கவனிப்பு எனக்கில்லை.

கிடாயைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கால்கள் தப்பின, முதுகில்தான் கிழிசல். மாட்டு டாக்டர் மயக்க ஊசி இல்லாமலே தையல் போட்டபோது அசையக்கூட இல்லையாம். "என்ன தைரியம் பாரு! நீ ஒரு ஊசிக்கே கத்தற" என்று கணவர் பூரித்தார். அடுத்து குச்சிக்கிழங்குத் (மரவள்ளி) தழையைத் தின்றது. ஆட்டுக்கு அது விஷம். வயிறு ஊதிக் கிடந்தது, மறுநாள் எழுந்து தீவனம் கேட்டது.

"அதே பொழச்சுக்கிச்சு, உனக்கென்ன சாமி?" என்றார் மாமியார்.

"அதுக்கு யாரும் கீமோ ஏத்தலைங்க அத்தை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நோயில் கிடந்தால் உங்களிடமும் யாராவது இப்படி ஒரு கதையோடு வருவார்கள். எரிச்சல் வந்தால் தப்பில்லை. எனக்குச் சாவு பயம். அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஆட்டைக் காட்டி அடைத்தார்கள்.

அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிவதற்குள் விரல் நுனிகள் மரத்துவிட்டன. நியூரோபதி (மருந்தால் நரம்பு நுனிகள் பழுதாவது) என்றார் டாக்டரம்மா. சூடான டம்ளரைப் பிடித்து, தோல் கொப்பளித்த பிறகுதான் சூடு என்றே தெரிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. "அடுத்த வருஷம் மறுபடி பாக்கலாம்மா" என்றார்.

வீட்டில் சொன்னதும் கிடாவெட்டுப் பந்தலுக்கு ஆள் விட்டார்கள். இத்தனைக்கும் தப்பியதை, நான் பிழைத்த பாவத்துக்கு வெட்டுவதா? வேண்டாம் என்றேன்.

"சாமி குத்தமாயிரும், சும்மா இரு" என்றார் கணவர்.

கோயிலில் பூசாரி அதன் முதுகில் தீர்த்தம் ஊற்றினார். உடம்பைச் சிலுப்பி உதறினால் கருப்பணார் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக்கூடாது. மூன்று சொம்பு ஊற்றியும் அது வேப்பந்தழையை மென்றபடி நின்றது.

"உத்தரவு வரலீங்க. அடுத்த வருசம் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றார் பூசாரி.

எனக்குப் புரிந்துவிட்டது. தையலுக்கே அசையாத முதுகு தண்ணீருக்கா அசையும்? அது தைரியமில்லை. அந்த இடம் என் விரல்களைப் போல மரத்துக் கிடந்தது.

"தலைல ஊத்திப் பாக்கலாமுங்களா?" என்றார் கணவர்.

"போதுமுங்க, சாமியே சொல்லியாச்சு" என்று முந்திக்கொண்டேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது கயிறு என் கையில். அதன் முதுகைத் தடவினேன். ஈரமா, காய்ந்ததா, எனக்குத் தெரியவில்லை. தடவியது அதற்கும் தெரிந்திருக்காது. இருவருக்கும் அடுத்த வருஷம் வரை தவணை.

இன்று காலை என் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்து வைத்திருக்கிறது, சனியன்.