ஏகாம்பரம் அண்ணனின் இருபது நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றபோது எங்கள் லைன் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஏகாம்பரம் அண்ணனின் படம், அதற்குக் கீழே இரண்டு வரி. தூக்கத்திலேயே மாரடைப்பு. எனக்கு முதலில் தோன்றியது, இந்த மனிதர் தூங்கவும் செய்தாரா என்பதுதான். அவரை அறிந்தவர்கள் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் என்ஜின் அசெம்பிளியில் வேலை பார்ப்பவள். மாட்டி முடித்த என்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் பகுதியில் அவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். ‘டென்ஷன் ஏகாம்பரம்’ என்று அவருக்குப் பெயர். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு திடீரென்று இறங்கி உள்ளே ஓடினார். கடைசியாக ஓட்டிய என்ஜினுக்கு ஆயில் மூடியைப் போட்டோமா என்று சந்தேகமாம். பஸ் முழுக்க வயிறெரிந்துகொண்டு காத்திருந்தோம். திரும்பி வந்தவர் மூச்சு வாங்க, “போட்டுத்தான் கீதுபா, போலாம்” என்றார், நாங்களும் அதே கவலையில் இருந்ததுபோல. எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் அதிகச் சத்தம் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவரிடம்தான் போய் நின்றேன். என் கணவர் பைக்கிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது கால் போனதுபோல ஆகிவிட்டது. வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. அவருடைய செடி நர்சரி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் அந்தப்பக்கம். கைத்தடியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, பைக்கை நிறுத்தும்போது காலை ஊன்றவும் முடியாது. ஐந்து மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கேட்டால் பதில் சொல்வார், தானாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்காகத்தான் ஒரு ரிசார்ட்டில் ஓரங்கட்டிக் கிடந்த ஏடிவி வண்டியைக் கொண்டுவந்தேன். மேட்டிலும் சேற்றிலும் போகிற நான்கு சக்கரப் பைக். கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் போதும், காலுக்கு வேலையில்லை. என்ஜின் மட்டும் இறுகிப்போய் ஓடாமல் இருந்தது.

லீவு நாட்களில் நானே பிரித்தேன், நானே மாட்டினேன். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட்டில் முட்டை வடிவ மேடுகள் இருக்கும். பழையதில் அவை வழித்தெடுத்ததுபோல் தேய்ந்திருந்தன. புதியது வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. இந்த மாடலுக்கு இனி வராது, இதுதான் கடைசி என்று கடைக்காரர் சொல்லியே கொடுத்தார். அதை மாட்டிவிட்டு ஏகாம்பரம் அண்ணனிடம் சொன்னேன்.

“புது கேமுமா” என்றார். முகம் வேர்த்துவிட்டது அவருக்கு. “ஸ்டார்ட் ஆன நொடியிலேர்ந்து இருபது நிமிஷம் ஆக்ஸிலரேட்டர வுடவே கூடாது. ஏத்தி எறக்கி ஓட்டிகினே இருக்கணும். மெதுவா ஓடவுட்டா மேல எண்ணெ சரியா போவாது, மேடு தேஞ்சிப் பூடும். ஞாயித்துக்கெழம வர்றேன். நான் வராம கை வெக்காத.”

டென்ஷன் ஏகாம்பரம் டென்ஷன் ஆகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடமாக என்ஜின் மாட்டுகிறவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடாத என்ஜின்தான். ஓட ஆரம்பிக்கும்போது அது கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரத் தாமதம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார். காலண்டரில் நல்ல நேரம் எட்டரையோடு முடிகிறது. என் கணவர் காலையிலேயே குளித்துத் திருநீறு பூசி வண்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். எட்டு இருபதுக்கு நான்தான் “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன். முதல் அழுத்திலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் சிரித்தார். வண்டியை ஓடவிட்டுப் பூசை போடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் கற்பூரம் ஏற்றி, அது அணைந்த பிறகு அடுத்த சக்கரம். என்ஜின் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று பூரித்துப் போனேன்.

நாலாவது சக்கரத்தில் கற்பூரம் ஏற்றும்போது அவர் வந்தார். “அய்யோ, இன்னாமா பண்ற நீ!” என்று கத்திக்கொண்டே, எரிகிற கற்பூரத்தைத் தாண்டிப் பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்தார். என்ஜின் அலறியது. தேங்காயோடு நின்ற என் மாமியார், சாமி காரியத்தில் இப்படியா என்று திட்ட ஆரம்பித்தார். ஏகாம்பரம் அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. வீட்டிலிருந்து டேபிள் ஃபேனை எடுத்துவரச் சொல்லி என்ஜினுக்கு எதிரில் வைத்தார். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். தெருவே கூடிவிட்டது. இருபது நிமிடமும் ஹேண்டிலை யாரிடமும் கொடுக்கவில்லை. அணைத்தபோது அவருடைய கட்டைவிரல் நிமிரவில்லை, இன்னொரு கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

அப்போது கேட்டார். “எவ்ளோ நேரம் சும்மா ஓடுச்சி?”

“இப்பந்தாண்ணே. நீங்க வரவும்தான் போட்டோம்” என்றேன்.

பொய். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏகாம்பரம் அண்ணன் தலையாட்டினார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து மேல் மூடியைக் கழற்றினார். கேமின் ஒரு மேட்டில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்திருந்தது. “பாப்போம்” என்றார், அவ்வளவுதான்.  அன்றிலிருந்து கணவர் நர்சரிக்குக் கிளம்பும்போதெல்லாம் வண்டி ஏரிக்கரையில் நின்றுவிடும், அவர் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிவிடுவார் என்று பயந்து, சத்தம் மறையும்வரை வாசலிலேயே நிற்பேன்.

கூப்பிடாமலே அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். எண்ணெயை மாற்றி, அதில் இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மூடியைத் திறந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பார். நாலாவது ஞாயிறு, “இன்னும் என்னண்ணே பாக்கீக?” என்று கேட்டேன்.

“கோடு வளரல, தப்பிச்சிட்டோம்” என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். “அன்னிக்கி மூணு சக்கரத்தாண்ட கற்பூரம் எரிஞ்சி கரியா கெடந்துச்சி. நீ இப்பத்தான்ற.”

 “அப்பவே ஏண்ணே கேக்கல?”

“உன் வூட்டுக்காரரு மூஞ்சிய பாத்தேன். கேட்டா நீ சொல்லுவ, அவரு சிரிப்பு பூடும். சரி, அந்தப் பயத்த நானே பட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்.”

அவரை வைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி எத்தனை பேருடைய பயத்தை அவர் தனியாகச் சுமந்தாரோ, நமக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது ஒன்று.

செவ்வாயன்று அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் எப்படி வருவார் என்று நான் யோசிக்கவே இல்லை. உச்சிவெயிலில் தெருக்கோடி மேட்டுப் பக்கமிருந்து எங்கள் ஏடிவியின் சத்தம் வந்தது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். மேட்டில் ஏறும்போது தட்டுகிறதா, தாளம் பிசகுகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டேன். சத்தம் சீராக இருந்தது. வண்டி பந்தலுக்கு வெளியே வந்து நின்றது, என் கணவர் மாலையோடு தனியாக இறங்கினார். இனி அந்த வண்டிக்காகப் பயப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.