தட்டு காலியாகும் வரை

எங்கள் நாய்க்குச் சர்க்கரை நோய். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிற எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் முதல் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவள் நான். கணவர் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து, நான் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். அதனால் காலை ஊசியும் என் தலையில். ராபர்ட்சன்பேட்டை கால்நடை டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து அதனடியில் ஊசியைச் செருக வேண்டும், தினமும் ஒரே இடத்தில் குத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், நாய் சாப்பிட்டு முடித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்; அதனால் சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் அவருக்கு போன் செய்ய வேண்டும்.

அதைத்தான் நான் ரயிலுக்காக விட்டுவிட்டேன். எங்கள் நாய் ஆற அமரச் சாப்பிடும். தட்டை வைத்த கையோடு ஊசியையும் போட்டுவிட்டு ஓடுவேன். பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு ரயில் பங்காருபேட்டையில் நின்றபோது கணவர் போன் செய்தார்.

“ஊசி போட்டியா? வச்ச சோறு அப்படியே கீது. இது தள்ளாடிக்கினு கீழ விழுது. இன்னா பண்றது?”

“வாயில எதையும் ஊத்தாதீங்க, பொறை ஏறிடும். தேனை விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. உடனே டாக்டராண்ட தூக்கினு போங்க” என்றேன்.

குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நொடி, இது போய்விட்டால் காலையில் இன்னும் அரை மணி நேரம் தூங்கலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்குக் களைத்துப் போயிருந்தேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இறங்கி, டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தேன்.

பிழைத்துக்கொண்டது. டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். கணவர் திட்டவில்லை. “இனிமே அடுத்த ரயில்ல போ” என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் தட்டு காலியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் ரயில் போகிற சத்தம் கேட்டது. தட்டை நக்கி முடித்த நாய் தானாக வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. தோலைத் தூக்கிப் பிடித்தேன். நேற்று நான் என்ன நினைத்தேன் என்று அதற்குத் தெரியாது. ஊசியைச் செருக வெகுநேரம் கை வரவில்லை.